கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள்: நம் தொகுதி வேட்பாளருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் படம் போட்ட துண்டறிக்கை நேற்று மாலை எங்கள் பிளாட்டின் தபால் பெட்டியில் இருந்தது. படத்தைப் பார்த்ததும் உங்கள் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பிறை தொழிற்பேட்டையில் அவரும் நானும் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் வரும். எனக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பார். அவர் மகன் இன்று பினாங்கு மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறான் என்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. எந்தக் கட்சிக் கொடியின் கீழ் நிற்கிறீர்கள் என்பதை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. நான் கேட்கப்போவது எந்தக் கட்சிக்காரர் வந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

இதை உங்கள் தேர்தல் நடவடிக்கை அறையில் நேரிலேயே கொடுத்திருக்கலாம். எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது என் ஒருத்தியின் காரியம் இல்லை. நீங்கள் சொல்லப்போகும் பதிலும் நாலு பேர் காதில் விழ வேண்டும்.

உங்கள் துண்டறிக்கையில் மூன்று வாக்குறுதிகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளை மேம்படுத்துவோம், குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டைப் பிரச்சினையைத் தீர்ப்போம், இளைஞர்களுக்கு வேலை வாங்கித் தருவோம். மனம் வருந்தக்கூடாது தம்பி, இந்த மூன்றில் முதல் இரண்டும் நீங்கள் போகப்போகும் சபையின் கையில் இல்லை. கல்வியும் குடியுரிமையும் மத்திய அரசின் அதிகாரம். அவற்றுக்குச் சட்டம் இயற்றுவது கோலாலம்பூரில் உள்ள நாடாளுமன்றம், முடிவெடுப்பது புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசு. நீங்கள் போகப்போவது ஜார்ஜ் டவுன் லைட் ஸ்திரீட்டில் உள்ள சட்டமன்றத்துக்கு. அங்கே 40 இடங்கள், அதில் ஒன்றுக்குத்தான் எங்களிடம் ஓட்டுக் கேட்கிறீர்கள். குடியுரிமைப் பாரம் பூர்த்தி செய்ய உங்கள் சேவை மையத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து உதவலாம், அது நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் தீர்த்து வைப்பேன் என்று சொல்லி ஓட்டு வாங்கினால், ஐந்து வருடம் கழித்து "அது மத்திய அரசு விஷயம், நான் என்ன செய்வது" என்றுதான் சொல்ல வேண்டி வரும். அந்தப் பதிலை நாங்கள் நிறையக் கேட்டுவிட்டோம்.

அப்படியானால் உங்கள் கையில் என்னதான் இருக்கிறது? நிலம் இருக்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல் என்று ஒன்று உண்டு. நிலம் அதில்தான் வருகிறது. யாருக்கு நிலம் கொடுப்பது, எத்தனை வருடக் குத்தகைக்குக் கொடுப்பது, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதெல்லாம் மாநிலத்தின் பேச்சு. இந்த மாநிலத்தில் நம் மக்களின் கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பட்டா இல்லை. கோயிலை எடுக்கச் சொல்கிறார்கள். சுடுகாட்டை ஒட்டி வேலி வருகிறது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வீடு இல்லை. எதைக் கிளறினாலும் அடியில் நிலம்தான் கிடக்கிறது. உங்கள் துண்டறிக்கையில் அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

நான் பிறந்தது இந்தப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிற்பாடு அதைச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமாக்கினார்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு கடைசி வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை. என் தாத்தா அங்கே பால் வெட்டினார், அப்பா அங்கே பால் வெட்டினார், அம்மா மருந்து தெளித்தார். மாரியம்மன் கோயிலுக்குத் தாத்தா காலத்தில் ஆளுக்கு இத்தனை என்று சம்பளத்தில் பிடித்துக் கட்டினார்களாம். திருவிழாவுக்குத் தீமிதி உண்டு, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் லாரியில் ஆள் வரும்.

தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியது. அதை எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே சிவப்புப் பெயின்ட் அடித்த மரக்குச்சிகள் நட்டிருந்தன. அளக்க வந்தவர்கள் நட்டது. பிள்ளைகள் அதைப் பிடுங்கி விளையாடினார்கள், நாங்கள் திட்டிப் போடச் சொன்னோம். அது என்ன குச்சி என்று எங்களுக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற அனுமதி கிடைத்துவிட்டது, வீடமைப்பு வரைபடமும் தயார்.

அப்போதைய சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். கோயிலுக்கு வந்தார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எல்லார் கதையையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "கையெழுத்து ஆகிவிட்டதம்மா." அப்புறம் நடந்ததெல்லாம் கெஞ்சல்தான். கெஞ்சிக் கெஞ்சி, உயர் மின்னழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு துண்டு இடம் வாங்கினோம். தீமிதிக்கு அங்கே இடமில்லை. லயத்து ஆட்கள் நாலு திசைக்குச் சிதறினார்கள். என் அப்பா இந்த பிளாட்டின் ஆறாவது மாடிக்கு வந்து இரண்டு வருடம் இருந்தார். லிப்ட்டில் ஏறப் பயம், பெரும்பாலும் கீழே இறங்கவே மாட்டார். அவர் வளர்த்த மாடுகளை யாருக்கு விற்றார் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த மூன்று மாதத்தைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும். ஒரு தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாற வேண்டுமானால் நில உரிமையாளர் மாநில அரசிடம் வந்தே ஆக வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. நிலத்தின் வகையை மாற்ற விண்ணப்பம் போட வேண்டும், அதற்கான கட்டணம் கட்ட வேண்டும். ஒப்புதல் கொடுக்கும்போது மாநில அரசு நிபந்தனை போடலாம். சாலைக்கும் வடிகாலுக்கும் திடலுக்கும் இடம் விடச் சொல்கிறார்கள் அல்லவா? மின்சாரத் துணை நிலையத்துக்குக்கூட வரைபடத்தில் ஒரு கட்டம் ஒதுக்குகிறார்கள். எண்பது வருடமாக அங்கேயே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கு, அந்த இடத்தை முதலில் தனியாகப் பிரித்துக் கொடு, பிறகு உன் நிலத்தை மாற்றித் தருகிறோம் என்று சொல்வதற்கு வழி இருக்கிறது. அது கையெழுத்துக்கு முன்னால் மட்டும்தான் இருக்கிறது. கையெழுத்து ஆன பிறகு நிலத்துக்காரருக்கு நாம் எதற்கு? இழப்பீடு எவ்வளவு என்ற பேச்சு மட்டும் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்கு நகராண்மைக் கழகத்திடம் அனுமதி கேட்கும்போது, சில இடங்களில் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும், அவர்கள் ஆட்சேபம் சொல்லலாம். நில உரிமையாளர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தவருக்குச் சொந்தமாக ஒரு சதுர அடி கிடையாது. அதனால் அவருக்குக் கடிதம் வராது. எங்களுக்கு வர வேண்டிய அந்தக் கடிதம் நீங்கள்தான் தம்பி. நான் கேட்பது அவ்வளவுதான்.

கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயது இருந்திருக்கலாம். குளுகோரில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த கிராமம் அது. நிலம் கைமாறும் வேலை ஓர் ஆட்சியில் தொடங்கியது, 2008 தேர்தலில் ஆட்சி மாறிய சமயத்தில் முடிந்தது. கிராமத்தார் கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தோற்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிபட்டன. நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு எங்கள் சிவப்புக் குச்சிகள்தான் ஞாபகம் வந்தன. பழைய ஆட்சியில் செய்தது என்று புது ஆட்சிக்காரர்கள் சொன்னார்கள். புது ஆட்சி நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று பழைய ஆட்சிக்காரர்கள் சொன்னார்கள். அந்தச் சண்டை இன்றைக்கும் தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் நடக்கிறது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. காகிதம் ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்த மக்களிடம் யாராவது போய்ச் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

சரி, பள்ளிக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளி மத்திய அரசு விஷயம் என்று மேலே எழுதினேன். பள்ளியின் பாடமும் ஆசிரியரும் அப்படித்தான், பள்ளி நிற்கும் மண் அப்படி இல்லை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இந்த நாட்டில் தமிழ்க் கல்வி தொடங்கியதே இங்கேதான், 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் நடந்த வகுப்பில். இருநூறு வருடம் தாண்டிய கதை. ஆனாலும் தோட்டத்தில் பிறந்த பள்ளிகளின் பட்டா எங்கே என்று தேடினால், கம்பெனி பெயரில் இருக்கும், அல்லது இன்னார் பெயரில் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நான் ஏழு வருடம் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளராக இருந்தேன். நிலம் அரசாங்கத்தின் பெயரில் இல்லாததால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் வந்துவிடும். கூரை ஒழுகினால் எங்கள் பாடு. உணவுச் சந்தை வைத்து, கூப்பன் விற்று, மீகூனும் வடையும் விற்ற காசில் கூரை மாற்றினோம். ஒரு மழைக்காலத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சிற்றுண்டிச் சாலையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். கட்டட நிதிக்கு எழுதிப் போட்டபோதெல்லாம் முதலில் வந்த கேள்வி, "நிலம் யார் பெயரில்?"

மாநில அரசு வருடா வருடம் தமிழ்ப்பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கிறது, அதற்கு நன்றி. மாதிரிக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள், அந்தப் படத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் மானியம் ஒரு வருடத்துச் செலவுக்கு. பட்டா கிடைத்துவிட்டால் அந்தப் பள்ளி யாரிடமும் போய் நிற்க வேண்டிய பாதிக் காரியம் குறைந்துவிடும்.

கோயில்களைப் பற்றி நீளமாக எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். தண்ணீர்மலை மாதிரிப் பெரிய கோயில்களுக்கு நிர்வாகம் இருக்கிறது, 1906 முதல் இந்து அறப்பணி வாரியம் இருக்கிறது. தோட்டத்துச் சின்னக் கோயில்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வராது. சில இடங்களில் டிஓஎல் என்கிற தற்காலிக உரிமம் வாங்கிக் கொடுத்து, பிரச்சினை தீர்ந்தது என்று மாலை போட்டுக்கொள்கிறார்கள். அந்த உரிமம் எப்போது கொடுத்தாலும் அந்த வருடம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது, மறுபடி புதுப்பிக்க வேண்டும். கும்பாபிஷேகத்தைப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்யும் கோயிலுக்கு ஒரு வருட உரிமம். அரசு நிலமாக இருந்தால், பொதுக் காரியத்துக்கு என்று அரசிதழில் அறிவித்து ஒதுக்கி வைக்க அதே நிலச் சட்டத்தில் 62ஆவது பிரிவு இருக்கிறது. சுடுகாட்டுக்கும் அது பொருந்தும். நம் தொகுதியில் எத்தனை இடங்களுக்கு அதைக் கேட்கலாம் என்று உங்கள் ஆட்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நீங்கள் ஜெயித்தாலும் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். நில முடிவுகள் முதலமைச்சர் தலைமையிலான ஆட்சிக்குழுவில் நடக்கின்றன. சாதாரண உறுப்பினராக இருக்கலாம், எதிர்க்கட்சி வரிசையிலும் உட்கார நேரலாம். அப்போதும் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. சட்டமன்றக் கூட்டங்களுக்கு நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது விதி. ஆக, வருடத்துக்கு இரண்டு முறையாவது உங்கள் கையில் ஒலிபெருக்கி இருக்கும். முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்: நம் தொகுதியில் விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றக் கேட்டு எத்தனை விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன, எந்தெந்த இடம், அங்கே யார் குடியிருக்கிறார்கள், பள்ளி உண்டா, கோயில் உண்டா? நம் தொகுதித் தமிழ்ப்பள்ளிகளின் நிலம் யார் பெயரில் இருக்கிறது? பதில் எழுத்தில் வரட்டும். அதைத் தமிழில் எழுதி உங்கள் சேவை மையத்து வாசலில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேளுங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம், அமைச்சர் பதவி வேண்டாம். விடாமல் கேட்கும் ஓர் ஆள் வேண்டும்.

நகராண்மைக் கழக உறுப்பினர் நியமனத்தையும் மறந்துவிடாதீர்கள். செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கு உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது, நாங்கள் ஓட்டுப் போடுவதில்லை. ஒரு காலத்தில் போட்டார்கள். ஜார்ஜ் டவுன் 1957இல் மாநகரானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், நம் ஆள், தேர்தலில் ஜெயித்து வந்த மன்றத்தின் மேயர். 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தியது நிறுத்தியதுதான். பினாங்கு அதை மீண்டும் நடத்தப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. இப்போதைக்கு ஆட்சியில் இருக்கும் கூட்டணி யாரை நியமிக்கிறதோ அவர்தான் எங்கள் கால்வாய்க்கும் வரைபடத்துக்கும் பொறுப்பு. கட்சிக்கு உழைத்தார் என்பதற்காக ஒருவரை அங்கே உட்காரவைக்கும் பேச்சு வந்தால், வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவரா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கைக்கு நீங்கள் கேட்கும் இந்த ஓட்டே கிடையாது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி அது கூட்டரசுப் பிரதேசமானது, அங்கே சட்டமன்றம் இல்லை. "உனக்காவது ஊர் நிலத்தைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்" என்று சொல்வாள். அவள் சொல்லும்போதுதான் எனக்கும் உறைக்கும்.

போன சனிக்கிழமை உங்கள் ஆட்கள் எங்கள் பிளாட்டின் கீழே அரிசிப் பை கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. வாங்கியவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒரு பாட்டியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அறுபது வருடம் இந்த மண்ணில் உழைத்தவர், ஐந்து கிலோ அரிசிக்குப் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுக்காக விருந்தும் பரிசும் கொடுப்பதை 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் குற்றம் என்கிறது. அது உங்களுக்குத் தெரிந்து நடந்ததா என்று எனக்குத் தெரியாது, நடந்திருந்தால் நிறுத்திவிடுங்கள். சட்டமன்ற வேட்பாளர் ஒரு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் செலவு செய்யலாம் என்கிறது அதே சட்டம். அதில் கொஞ்சத்தை எடுத்து, நிலச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை இரண்டு மாலை கூட்டி வந்து எங்களோடு உட்காரவைத்திருந்தால் நான் முதல் ஆளாய் வந்திருப்பேன்.

இதைத் தமிழர் பிரச்சினையாக மட்டும் பேசிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மலாய்க்காரர்களின் கம்பத்திலும் (கிராமத்திலும்) நிலத்துக்காரர் நோட்டீஸ் கொடுத்தால் அழுகைதான். தீவின் தெற்கில் கடலைத் தூர்க்கும் திட்டத்தால் மீனவர்கள் கவலையோடு இருக்கிறார்கள். உலகமே வந்து படம் எடுக்கும் வெல்ட் கீ ஜெட்டியில், கடல்மேல் தூண்கள் நட்டுக் கட்டிய வீடுகளில், சீனக் குடும்பங்கள் தற்காலிக உரிமத்தில்தான் தலைமுறைகளைக் கழித்திருக்கின்றன. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் கீரை பயிரிட்ட ஒரு சீனத் தாத்தாவும் எங்களோடுதான் வெளியேறினார். அவருக்கும் கடிதம் வரவில்லை. மூன்று இனத்தாரும் சேர்ந்து ஒரே கேள்வியோடு வந்தால் சட்டமன்றத்தில் உங்கள் குரலுக்கு எடை கூடும். தமிழர் ஓட்டு மட்டும் உங்களை ஜெயிக்கவைக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

இந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடங்களில் செம்பனை மிச்சம் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். ஒன்றில் கோயில் இருக்கிறது, இருபதுக்கும் குறையாத குடும்பங்கள் இருக்கின்றன. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். சாலையோரத்தில் யாரோ கார் நிறுத்தி நிலத்தை அளப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னார்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நில அலுவலகத்தில் அந்த நிலத்துக்கு ஏதாவது விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று எனக்குக் கேட்டுச் சொல்ல முடியுமா? ஜெயித்த பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், வேட்பாளராகவே விசாரிக்கலாம்.

என்னிடம் ஒரு கோப்பு இருக்கிறது. எங்கள் தோட்டம் போனபோது நாங்கள் எழுதிய மனுக்கள், வந்த பதில்கள், வீடமைப்பு வரைபடத்தின் ஒரு நகல். எந்தக் காகிதம் எந்த மாதம் எங்கே போனது என்று பின்னால் ஒவ்வொன்றாய்த் தேடிக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த வரிசையைப் பார்த்தால் எங்கே ஓர் ஆள் குறுக்கே நின்றிருக்க வேண்டும் என்பது தெரியும். உங்களுக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பூஜை முடிந்து நாங்கள் எல்லாரும் கோயிலில்தான் இருப்போம். ஒலிபெருக்கியும் சால்வையும் வேண்டாம், உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள். நேரத்தை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அந்த இரண்டு தோட்டத்து ஆட்களுக்கும் நான் சொல்லி அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
பிறை பக்கத்து வாக்காளர் ஒருத்தி